பிளாக்பேர்டை அன்றாட மெஷினாக வைத்துக்கொண்டு பழைய ஜி5-ஐயும் ஓட்ட முடியுமா?

அச்சுக்கூடம்:
அப்பா நடத்திய அச்சகத்தின் பவர் மேக் ஜி5 இன்னும் ஓடுகிறது. டைகர் (மேக் ஓஎஸ் 10.4), அதற்குள் பழைய மேக் மென்பொருளை ஓட்டும் கிளாசிக், அதில் பக்க அமைப்புக்குப் பேஜ்மேக்கர். கும்பாபிஷேக மலர், சிறுபத்திரிகை என்று பழைய கோப்புகள் நிறைய. எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில். அன்றாட வேலைக்கு ராப்டர் நிறுவனத்தின் பிளாக்பேர்டு வாங்கலாம் என்று யோசனை. ஐபிஎம்மின் பவர்9 சிப் என்பதால் ஜி5 மென்பொருள் அதில் அப்படியே ஓடுமா? தினமும் உபயோகிப்பவர் யாராவது சொல்லுங்களேன்.

பவர்காரன்:
அப்படியே ஓடாது சார். ஜி5-இன் 970 சிப் பவர்4-இலிருந்து வந்தது, அதனால் இரண்டும் ஒரே வம்சம்தான். ஆனால் மேக் ஓஎஸ் பிளாக்பேர்டில் பூட் ஆகாது. போதாக்குறைக்கு ஜி5 பிக் எண்டியன், அதாவது எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும். பவர்9 இரண்டு விதமாகவும் ஓடும் என்றாலும் டெபியன், பெடோரா போன்ற லினக்ஸ்கள் தருவது அதற்கு நேரெதிரான லிட்டில் எண்டியன். பழைய பேஜ்மேக்கருக்காக இதை வாங்காதீர்கள்.

வேறு காரணத்துக்காக வாங்குங்கள். என் மேசையில் அன்றாட மெஷின் இதுதான். மின்னஞ்சல், லிப்ரே ஆபீஸ், ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப் எல்லாம் டெபியனிலிருந்தே வந்துவிடுகின்றன. மின் இணைப்புக் கொடுத்ததுமே முதலில் எழுவது ஓபன்பிஎம்சி என்ற மென்பொருள் ஓடும் மேலாண்மைச் சிப்தான். ஜி5-இலிருந்து அதற்குள் எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழி நுழைவு) போட்டுவிட்டுப் பவர் பட்டனை அழுத்தினால், மெயின் சிப்பை எழுப்பும் ஹோஸ்ட்பூட் 'ஐஸ்டெப்' என்று எண் போட்டு வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வரும். 13-இல் ரேமைப் பழக்கும், 21-இல் அடுத்த கட்டத்திடம் ஒப்படைக்கும். கடைசியில் எந்த ஓஎஸ் என்று தேர்ந்தெடுக்கும் பெட்டிட்பூட் மெனு. அதுவே ஒரு குட்டி லினக்ஸ், அதில் ஷெல் திறந்து டிஸ்க்கைப் பார்க்கலாம். பூட் ஆகத் தாமதமாகும்தான், ஆனால் அத்தனைக்கும் மூல நிரல் வெளியில் இருக்கிறது. என் மெஷினில் எனக்குத் தெரியாத மூலை இல்லை என்ற நிம்மதிக்குத்தான் நான் பணம் கொடுத்தேன், இன்றும் அதில் சந்தோஷம்.

குறை: டெபியன் தரும் பயர்பாக்ஸில் பவர்9-க்கு ஜிட் (ஜாவாஸ்கிரிப்டை வேகமாக்கும் பகுதி) கிடையாது, கனமான பக்கங்கள் திணறும். நெட்பிளிக்ஸ் ஓடாது, அதற்கு வேண்டிய வைட்வைன் என்ற காப்புரிமைப் பூட்டு மென்பொருள் இல்லை. வீடியோ கூட்டங்களுக்கு ஃபோனை வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்கூடம்:
நன்றி சார். எழுத்துருக்களை லினக்ஸ் மெஷினுக்கு காப்பி செய்தால் பாதி 0 பைட்டாக வருகிறது. கெட்டுவிட்டதா?

பவர்காரன்:
கெடவில்லை. பழைய மேக் எழுத்துருவின் தரவு ரிசோர்ஸ் ஃபோர்க் என்ற, கோப்போடு ஒட்டிய தனிப் பகுதியில் இருக்கும். சும்மா காப்பி செய்தால் அது கழன்றுவிடும். ஜி5-இலேயே ஸ்டஃபிட் என்ற சுருக்கும் மென்பொருளில் கட்டியோ டிஸ்க் இமேஜாகவோ எடுங்கள். டைகரின் டார் கட்டளை என்றால் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் துணைக் கோப்புகளையும் சேர்த்து வைக்கும். அவற்றைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள், எழுத்துரு அதற்குள்தான் இருக்கிறது.

பிளாக்பேர்டிலிருந்து ஜி5-க்கு எஸ்எஸ்ஹெச் மறுத்தால் பயப்பட வேண்டாம். 2021-இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.8 முதல் பழைய மெஷின்கள் தம்மை நிரூபிக்கப் பயன்படுத்தும் ஆர்எஸ்ஏ-ஷா1 கையொப்பம் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. கான்ஃபிக் கோப்பில் ஜி5-க்கு மட்டும் அதைத் திறந்துவிடுங்கள், எல்லா மெஷினுக்கும் வேண்டாம்.

அப்புறம், பக்க அமைப்பு கலையாமல் வேண்டுமென்றால் பேஜ்மேக்கரிலிருந்து எழுத்துருக்களையும் சேர்த்து போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாக அச்சிட்டு, பிளாக்பேர்டில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் கொண்டு பிடிஎஃப் ஆக்குங்கள். ஜி5-ஐ வேறு எதற்கும் வருத்தாதீர்கள். இணையப் பக்கம் விடவே வேண்டாம்.

கொம்புசுழி:
பிடிஎஃப் கண்ணுக்கு நன்றாக இருக்கும், உள்ளே குறியீடு பழையதே என்பதால் தேடினால் சொல் அகப்படாது. உரையைத் தனியாக ஏற்றுமதி செய்து யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் மூன்று குறியாக இருக்கும். யூனிகோடில் க முதலில், பிறகு ஒகரக் குறி. அதனால் ஸ்கிரிப்ட் எழுதும்போது ஒகரம், ஓகாரம், ஔகாரத்தை முதலில் மாற்றுங்கள், எகரம், ஏகாரம், ஐகாரம் அதற்குப் பிறகு. வரிசை மாறினால் ஒற்றைக் கால் மட்டும் அநாதையாக நிற்கும். கிளாசிக் கோப்பில் வரி முடிவும் சிஆர் (கேரேஜ் ரிட்டர்ன்) குறி மட்டும்தான், அதையும் முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீட்டு அட்டவணை வேறு. அப்பா எந்த எழுத்துரு வைத்திருந்தார்? பெயரைச் சொன்னால் என்னிடம் உள்ள அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறேன்.