இறங்கினா எஞ்சினை நிறுத்துங்க: நீங்க நேர்ல பார்த்ததைச் சொல்லுங்க

தர்மபுரி வாடகைக் கார் டிரைவர்:

தேய்பிறை அஷ்டமி அன்னிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயில்ல கூட்டம் எப்படி இருக்கும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. சவாரி வந்தவங்களை இறக்கிவிட்டுட்டு ரோட்டோரம் நின்னுக்கிட்டு இருந்தேன். எனக்கு முன்னாடி ஒரு ஆட்டோமேட்டிக் கார். எஞ்சின் ஓடுது, ஏசி ஓடுது, டிரைவர் சீட்டுல பெரியவங்க யாரும் இல்ல. பின் சீட்டுல ஒரு பச்சக் குழந்தை தூங்குது. அதோட அண்ணன், அஞ்சு வயசு இருக்கும், முன்னாடி ஏறி வந்து ஸ்டீயரிங்கைத் திருப்பி விளையாடுறான். கார் மூக்குக்கு நேரா, ரொம்பக் கிட்டத்துல, பூசணிக்காய் விளக்கு விக்கிற பாட்டி தரையில உட்கார்ந்திருக்காங்க.

பார்க் கியர்ல தானே நிக்குது, பிரேக்கை மிதிக்காம கியர் லீவர் நகராதேன்னு சிலர் சொல்லுவீங்க. சீட்டு நுனியில உட்கார்ந்து காலைத் தொங்கப் போடுற பையன் கீழே சறுக்கினா, அவன் கால் போய் நிக்கிற இடமே பிரேக்குதான். கை லீவர் மேல. கண்ணாடியைத் தட்டி, நல்லவிதமாப் பேசி, அவனையே கதவைத் திறக்க வச்சேன். எஞ்சினை நிறுத்திட்டு, காத்து வர்றதுக்கு நாலு கதவையும் திறந்து வச்சுப் பக்கத்துலயே நின்னேன்.

அப்பா வந்தார். குழந்தைக்கு வேர்க்குமேன்னு ஏசி போட்டுட்டுப் போனேன், என் வண்டியைத் தொட நீ யாருன்னு சத்தம் போட்டார். பிள்ளைக்கு வேர்க்கக் கூடாதுன்னு நினைச்ச மனுஷனை நான் குறை சொல்ல மாட்டேன். அங்க டூட்டியில இருந்த ஒரு போலீஸ்காரர் வந்து பொறுமையாச் சொன்னார்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126. பொது இடத்துல வண்டி நிக்கிறப்போ டிரைவர் சீட்டுல லைசென்ஸ் உள்ள ஆள் இருக்கணும். இல்லாட்டி எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டு, ஆள் இல்லாத நேரத்துல வண்டி தானா நகராதபடி செஞ்சிட்டுத்தான் இறங்கணும். ரெண்டு நிமிஷமா இருந்தாலும் சரி, அரை மணி நேரமா இருந்தாலும் சரி, சட்டத்துல வித்தியாசம் இல்ல. அபராதம் பிரிவு 177-ல வருது. முதல் தடவை 500 ரூபாய் வரைக்கும், மறுபடி மாட்டினா 1,500 வரைக்கும்.

ஹெல்மெட், சீட் பெல்ட், நோ பார்க்கிங் எல்லாருக்கும் தெரியும். 126-ஐப் பத்தி வருஷக்கணக்கா வண்டி ஓட்டுறவங்களுக்கே தெரியல. அதனாலதான் கேக்குறேன். உங்க பக்கத்துல நடந்ததை எழுதுங்க.

பாலக்கோடு தக்காளி விவசாயி:

அண்ணே, எங்க மார்க்கெட்டுக்கு விடியக்காலையில வந்து பாருங்க. நிக்கிற பிக்கப்புல பாதி ஓடிக்கிட்டேதான் நிக்கும். டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பார். கேட்டா ஒரே பதில், "நிறுத்தினா செல்ஃப் எடுக்காது." மறுபடி ஸ்டார்ட் ஆகாதாம்.

போன சீசன்ல ஒரு வண்டி லேசான சரிவுல நின்னுச்சு. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாங்க, கியர் நியூட்ரல். வெறும் வண்டியா இருந்தவரைக்கும் நின்னுச்சு. கூடை ஏற ஏற எடை கூடிச்சு, எஞ்சின் அதிர்வு வேற. மெதுவாப் பின்னாடி நகர ஆரம்பிச்சது யாருக்கும் தெரியல. பின்னாடி லோடு ஏத்திக்கிட்டு இருந்த பையனுக்கும் சுவருக்கும் நடுவுல அடுக்கி வச்ச தக்காளிப் பெட்டி இருந்துச்சு. அது நொறுங்கிச்சு, அவன் தப்பிச்சான். எஞ்சினை நிறுத்தி கியர்ல போட்டிருந்தா அந்த வண்டி நகர்ந்தே இருக்காது. இப்போ என் காய் ஏறணும்னா முதல்ல எஞ்சின் நிக்கணும், டயருக்குக் கல்லு வைக்கணும். வைக்காத வண்டிக்கு என் கூடையைத் தர்றதில்ல.

காவேரிப்பட்டணம் மெக்கானிக்:

பாலக்கோட்டுக்காரர் சொன்னதுதான் விஷயமே. சட்டம் தெரியாததால ஓடவிடுறவங்களை விட, பேட்டரி செத்ததால ஓடவிடுறவங்க அதிகம். செல்ஃப் எடுக்கலேன்னா மூணு இடம் பாருங்க: பேட்டரி, டெர்மினல்ல பூத்திருக்கிற பச்சை, செல்ஃப் மோட்டாருக்குள்ள இருக்கிற கார்பன் பிரஷ். டெர்மினல் சுத்தம் பண்ணினாலே பல வண்டி எடுத்துக்கும். சும்மா நிக்கிற சின்ன கார் எஞ்சினே ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டருக்கு மேல குடிக்கும், லாரி ரெண்டு மூணு லிட்டர் குடிக்கும். தினமும் அப்படி எரியிற டீசல் காசுல புது பேட்டரியே வாங்கிடலாம்.

டர்போ (எஞ்சினுக்குக் காத்தை அழுத்தி அனுப்புற பாகம்) வண்டி வச்சிருக்கறவங்க "உடனே நிறுத்தக் கூடாதாமே"ன்னு கேப்பீங்க. மேடு ஏறி வந்து நின்னா ஒரு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்க, டர்போவுக்கு எண்ணெய் ஓட்டம் வேணும். அந்த ஒரு நிமிஷம் சீட்டுலயே உட்கார்ந்திருங்க. இறங்கிப் போகாதீங்க.

இன்னொண்ணையும் இங்கயே சொல்லிடுறேன், ஏன்னா இதைப் படிச்சிட்டு யாராவது தப்பா எடுத்துக்கக் கூடாது. எஞ்சினை நிறுத்துறது நின்ன வண்டிக்கு மட்டும். தொப்பூர் கணவாய் இறக்கத்துல டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறதும், எஞ்சினை அணைச்சு உருட்டுறதும் உயிரை எடுக்குற வேலை. எஞ்சின் நின்னா கம்ப்ரஸர் நிக்கும், ஏர் பிரேக்குக்குப் புதுக் காத்து வராது. மிதிக்க மிதிக்க இருக்கிற காத்தும் தீரும். பவர் ஸ்டீயரிங் கல்லா இறுகும். கார்ல பிரேக்கை லேசா மிதிக்க உதவுற பூஸ்டர் ரெண்டு மூணு மிதிக்கு மேல உதவாது. நியூட்ரல்ல விட்டா எஞ்சின் பிடிச்சு இழுக்கிற பிரேக்கும் போச்சு, மொத்தச் சுமையும் பிரேக் லைனிங் மேல விழுந்து சூடாகி வழுக்கும். அந்த இறக்கத்துல செத்தவங்களை நினைச்சா இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

பர்கூர் ஆசிரியை:

காரையும் லாரியையும் பற்றி எழுதுகிறீர்கள். நான் தினமும் பள்ளி வாசலில் பார்ப்பது ஸ்கூட்டர். அம்மாவோ அப்பாவோ வண்டியை நிறுத்தாமல், ஸ்டாண்டு மட்டும் போட்டு இறங்குவார்கள். முன்னால் நிற்கிற குழந்தை ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டே நிற்கும். பையை எடுக்க இந்தப் பக்கம் திரும்பும் நேரத்தில் ஆக்சிலரேட்டர் முறுகிவிடும். கியர் இல்லாத வண்டி, முறுக்கினால் கிளம்பிவிடும். பக்க ஸ்டாண்டு போட்டால் எஞ்சின் நிற்கிற வசதி புது வண்டிகளில் உண்டு, பழைய வண்டிகளில் கிடையாது. எங்கள் வாசலில் ஒரு சின்னப் பெண் அப்படியே வண்டியோடு போய் காம்பவுண்டுச் சுவரில் மோதினாள். முன்பல் உடைந்தது. எதிரில் சாலை இல்லாமல் சுவர் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அதன்பிறகு பெற்றோர் கூட்டத்தில் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன். முதலில் சாவியைத் திருப்புங்கள், பிறகு பிள்ளையை இறக்குங்கள், கடைசியாக நீங்கள் இறங்குங்கள். பெரும்பாலோர் கேட்கிறார்கள்.

வேன்களும் உண்டு. மாலையில் மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே வந்து, வாசலை ஒட்டி வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கும். புகைக்குழாய் இருக்கிற உயரமும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் முகம் இருக்கிற உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. ஓட்டுநர் இருக்கையில்தான் இருக்கிறார், 126-இல் வராது. ஆனாலும் போய்ப் பேசினேன். "சரிங்க டீச்சர்" என்று ஒருவர் உடனே அணைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அணைத்தார்கள்.

அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கும் ஓசூர்க்காரன்:

டீச்சர் சொன்னதுக்கு இங்க தனிச் சட்டமே இருக்கு. நியூயார்க் நகரத்துல நின்ன வண்டியை மூணு நிமிஷத்துக்கு மேல ஓடவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தை ஒட்டின இடத்துல ஒரே நிமிஷம்தான். லாரி, பஸ் இப்படி மீறி நின்னா பொதுமக்களே வீடியோ எடுத்துப் புகார் கொடுக்கலாம், அபராதத்துல 25 சதவீதம் புகார் கொடுத்தவருக்குப் போகும். ஹாங்காங்ல 2011 டிசம்பர்ல இருந்து இதே மூணு நிமிஷக் கணக்குல சட்டம் இருக்கு.

நான் இருக்கிற கொலராடோவுல கதை வேற. பனிக்காலத்துல காலையில கண்ணாடி உறைஞ்சு கிடக்கும். வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு உள்ள போய் காபி குடிப்பாங்க. அந்த நேரத்துக்குன்னே திருடன் சுத்துவான். அதனால சாவியோட, ஆள் இல்லாம ஓடவிட்டா அபராதம். ரிமோட்ல ஸ்டார்ட் பண்ற வண்டிக்கு மட்டும் 2016-ல விலக்கு கொடுத்தாங்க, ஏன்னா அதுல சாவி இல்லாம வண்டியை எடுத்துட்டுப் போக முடியாது. நம்ம 126 வண்டி நகர்ந்துடக் கூடாதுங்கிற கவலையில எழுதினது. இங்கத்துச் சட்டத்துல திருட்டுப் பயமும் சேர்ந்திருக்கு. நம்ம ஓசூர்ல அப்படிக் கண்ணாடி உறையிற பனி இல்ல, ஆனா திருடன் உண்டு.

கிருஷ்ணகிரி வாகன இன்சூரன்ஸ் முகவர்:

திருட்டுன்னு வந்ததால சொல்றேன். ரவுண்டானா பக்கம் ஒரு கடையில பார்சல் வாங்க பைக்கை ஓடவிட்டு இறங்கினார் என் வாடிக்கையாளர் ஒருத்தர். திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள வண்டி பெங்களூர் ரோட்டுல போயிடுச்சு. க்ளெய்ம் போட்டப்போ நிறுவனம் முதல்ல கேட்டது ரெண்டு சாவியையும். ஒண்ணுதான் இருந்துச்சு. பாலிசியில ஒரு நிபந்தனை எல்லாருக்கும் பொதுவா இருக்கும்: வண்டியைப் பாதுகாக்க நியாயமான எல்லா முயற்சியும் உரிமையாளர் எடுத்திருக்கணும். சாவியை விட்டுட்டு இறங்கினா அதை மீறினதாச் சொல்லி மறுத்துடுவாங்க. அவருக்கும் மறுத்தாங்க.

அதோட விட்டுடாதீங்க. விலாசம் கேக்க டிரைவர் சாவியோட விட்டுட்டு இறங்கின லாரி திருடு போன வழக்குல, 2023-ல உச்ச நீதிமன்றம் முழுசா மறுக்கிறது சரியில்லன்னு சொல்லி 75 சதவீதம் கொடுக்கச் சொல்லியிருக்கு. என் வாடிக்கையாளரை நுகர்வோர் ஆணையத்துக்கு அனுப்பியிருக்கேன், வழக்கு நடக்குது. ஜெயிச்சாலும் கால் பங்கு போனது போனதுதான்.

நாமக்கல் லாரி, தினமும் கிருஷ்ணகிரி வழி:

எங்க பக்கத்தையும் கேளுங்க. சித்திரை வெயில்ல டோல்கேட் தாண்டி வண்டியை ஓரங்கட்டினா கேபின் அடுப்பு மாதிரி கொதிக்கும். நிழல் கிடையாது. 2025 அக்டோபர்ல இருந்து தயாராகிற லாரிக்கு ஏசி கேபின் கட்டாயம்னு ஆக்கிட்டாங்க, நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனா எஞ்சின் ஓடினாத்தான் ஏசி ஓடும். அப்போ தூங்குற நேரம் பூரா ஓடவிடணும். மரமும் தண்ணியும் கக்கூஸும் இருக்கிற லாரி நிறுத்தம் வழி நெடுகக் கொடுங்க, நாங்க எஞ்சினை நிறுத்திட்டுத் தூங்குறோம். அதுவரைக்கும் ஓடவிட்டுத் தூங்குறவனுக்கு என்ன வழி? கண்ணாடி ஏத்தி இருந்தா ஆபத்துன்னு சொல்றாங்களே, மெக்கானிக் அண்ணன் சொல்லணும்.

காவேரிப்பட்டணம் மெக்கானிக்:

ஓடவிட்டுத் தூங்காதீங்க தம்பி, அதுதான் முதல் பதில். பயம் கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்ல, வாசனை இல்ல. தூக்கத்துல தெரியவே தெரியாது. பெட்ரோல் வண்டியில இன்னும் மோசம். டீசல்தானேன்னும் அசந்துடாதீங்க. சைலன்ஸர் குழாய் ஜாயிண்ட்ல கரி படிஞ்சிருக்கான்னு பாருங்க, படிஞ்சிருந்தா அங்க கசியுதுன்னு அர்த்தம். கேபின் தரையில கியர் லீவரைச் சுத்தி இருக்கிற ரப்பர் கிழிஞ்சிருந்தா மாத்துங்க. மூடின ஷெட்டுக்குள்ளயோ, பக்கத்து லாரி புகைக்குழாய் உங்க கேபின் பக்கம் திரும்பி இருக்கிற இடத்துலயோ நிறுத்தாதீங்க. பேட்டரியில ஓடுற சின்ன ஃபேன் ஒண்ணு மாட்டி, ரெண்டு பக்கக் கண்ணாடியும் இறக்கி, கொசுவலை அடிச்சுக்கோங்க. தலைவலி, குமட்டலோட முழிப்பு வந்தா அடுத்த நொடி கதவைத் திறந்து வெளியே வந்துடுங்க. கிருஷ்ணகிரி வழியா வர்றப்போ காவேரிப்பட்டணம் திரும்புங்க, சைலன்ஸரைப் பார்த்துத் தர்றேன்.