நெல்லைச் சீமையின் மறைந்த ஆடிட்டர்கள்: உங்களுக்கு மறக்காத ஒரு சந்திப்பு

வாகையடி முக்கு

ஜூலை 1 ஆடிட்டர்கள் தினம். கொடியேற்றம் முடிந்து, நம் பகுதியில் ஆடிட்டர்கள் (சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்கள்) சங்கத்தை வளர்த்து மறைந்த மூத்தவர்களின் படங்களுக்கு மாலை போட்டு, பெயர்களை வாசித்தார்கள். மூச்சு விடாமல் வாசித்து முடித்துவிட்டார்கள். அதில் ஒரு பெயர் என் பிரின்சிபாலுடையது, நான் தொழில் பழகிய ஆடிட்டர். அப்போதிருந்து ஒரே நினைப்பு, அந்த ரைஸ் மில் கிட்டங்கி.

வருஷக் கடைசி ஸ்டாக் பார்க்கப் போயிருந்தோம். பேங்க்கில் இருப்பைக் காட்டி வாங்கிய கடன் இருந்தது. உத்தரம் வரைக்கும் அட்டி அடுக்கியிருந்தார்கள். நான் வெளி வரிசையை எண்ணி எழுதிக்கொண்டிருந்தேன். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். அறுபதைத் தாண்டிய மனிதர். மேலே போய், உள்வரிசை மூட்டை ஒன்றில் குத்தூசியைச் செருகி இழுத்தார். வந்தது உமி. அடுத்த மூட்டையிலும் உமி. முதலாளி கீழே நின்று, "அண்ணாச்சி, வெயில் ஏறுது, இறங்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சார் இறங்கிவந்து கையைத் தட்டிவிட்டு, "வெளி வரிசைய எண்ண நான் எதுக்கு? உங்க கணக்குப்பிள்ளையே எண்ணிருவாரே. இந்தக் கையெழுத்த நம்பித்தான் பேங்க்காரன் துட்டு குடுக்கான்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அந்த வருஷம் அந்த ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்டில்) அவர் கையெழுத்து விழவில்லை.

இப்படிப்பட்டவரை ஒரு பெயராக வாசித்துவிட்டுக் காபிக்குப் போவதா? உங்களிடம் இருப்பதையும் எழுதுங்கள்.

ஆழ்வார்குறிச்சியான்

நான் ஆடிட்டர் இல்லை, ஜவுளிக்கடைக்காரர் மகன். டவுன் கீழ ரத வீதி பக்கம் எங்கள் கடை. பிள்ளையார் சுழி போட்டு, 'லாபம்' என்று எழுதி ஆரம்பிக்கிற பேரேடு. ஒரு வருஷம் பற்று வரவு நேராகவில்லை, 63 ரூபாய் இடித்தது. வயசான கணக்குப்பிள்ளை தாத்தா ராத்திரியெல்லாம் கூட்டிப் பார்த்து, அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டார். கைக்காசைப் போட்டு அடைத்துவிடுகிறேன் என்றுகூடச் சொன்னார்.

எங்கள் ஆடிட்டர் வந்தார். நாற்காலி வேண்டாம் என்று தாத்தா பக்கத்தில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "63 ஒன்பதால வகுபடுது பாத்தீயளா? எங்கயோ இலக்கம் இடம் மாறியிருக்கு. 81ஐ 18ன்னோ, 92ஐ 29ன்னோ எழுதியிருப்போம், தேடுவோம்" என்றார். 'எழுதியிருப்போம்' என்றுதான் சொன்னார், 'எழுதியிருப்பீர்' என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் தறிக்காரர் ஒருவர் பற்றில் 81 இருக்கவேண்டிய இடத்தில் 18 கிடைத்தது. திருத்தவேண்டிய இடத்தைக் காட்டி, பேனாவைத் தாத்தா கையிலேயே கொடுத்துவிட்டார்.

அப்பா காலமானபோது துட்டி கேட்க முதலில் வந்த வெளியாள் அவர்தான். வாகையடி அண்ணாச்சி, அந்த மில்காரர் அப்புறம் என்ன செய்தார்?

கொக்கிரகுளம்

வாகையடி தம்பிக்கு ஒன்று. மாலை போடுவதையும் பெயர் வாசிப்பதையும் லேசாகப் பேசாதீர்கள். சட்டம் என்ன சொல்கிறது? 1949ஆம் வருஷத்து ஆடிட்டர்கள் சட்டத்தின் 20ஆவது பிரிவுப்படி, இறந்த உறுப்பினரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடலாம். ஆக, அந்தப் பெயர் சத்தமாக ஒலிக்கிற ஒரே இடம் இந்தக் கூட்டம்தான். வேகமாக வாசித்தது தப்பு. வாசித்தது தப்பில்லை.

இரண்டாவது, நீங்கள் இருவரும் நல்ல ஆடிட்டரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சங்கத்தை வளர்த்தவர் என்பது வேறு. நான் பார்த்ததைச் சொல்கிறேன். 1999க்கு முன்னால் பட்ஜெட் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரும். வண்ணார்பேட்டையில் ஒரு பெரியவர் வீட்டு மாடியில் பத்தமடைப் பாய் விரித்து, நடுவில் ரேடியோ. தொழிலில் ஒருவருக்கொருவர் போட்டியாக இருந்தவர்கள் எல்லாரும் அங்கே ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறிப்பெடுப்பார். உரை முடிந்ததும், முந்தின வருஷம்தான் பாஸான சின்னப் பையனை எழுப்பி, "நீ சொல்லு, உனக்கு என்ன வெளங்குச்சு?" என்று முதலில் அவனைப் பேசவைப்பார். ஒரு தடவை அந்தப் பையன் நான். நாக்கு ஒட்டிக்கொண்டது. அவ்வளவு பேரும் அமைதியாகக் காத்திருந்தார்கள். நம் ஊரில் சங்கத்தின் கிளை என்பது எனக்கு அந்த மாடிதான்.

வாகையடி முக்கு

கொக்கிரகுளம் அண்ணாச்சி சொன்ன பிரிவை நான் அந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. சரி, பெயர் வாசிக்கட்டும். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு வரி சேர்த்து வாசிக்கட்டும்.

ஆழ்வார்குறிச்சித் தம்பி, மில்காரர் அந்த வருஷமே ஃபைலைத் தூக்கிக்கொண்டு வேறு ஆளிடம் போய்விட்டார். ஆபீஸுக்கு நல்ல வருமானம் தந்த கிளையண்ட். சார் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மகாராஜநகர் அக்கா

எல்லாரும் ஆண்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் எழுதப்போவதும் ஒரு ஆண் ஆடிட்டரைப் பற்றித்தான், ஆனால் அவர் காட்டிய படம் ஒரு அம்மாவுடையது.

என்னை ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு, அதாவது ஆடிட்டரிடம் தொழில் பழக, அனுப்ப எங்கள் அப்பாவுக்கு மனசே இல்லை. ஆடிட் என்றால் வெளியூர் போகவேண்டும், இருட்டித்தான் வீடு திரும்ப முடியும். பாளை தெற்கு பஜார் ஆபீஸில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "வேண்டாம் சார், வேற பாடம் படிக்கட்டும்" என்றார். ஆடிட்டர் மேசை டிராயரிலிருந்து பத்திரிகையில் வெட்டிய ஒரு படத்தை எடுத்து அப்பா முன்னால் வைத்தார். கதர்ச் சேலை கட்டிய அம்மா. ஆர். சிவபோகம்.

"இந்த அம்மா சுதந்திரப் போராட்டத்துல ஒரு வருஷம் ஜெயில்ல இருந்தவுக. 1933ல பரீட்சை பாஸ் பண்ணுதாக. ஜெயிலுக்குப் போனவுகளப் பதிய மாட்டோம்னு சர்க்கார் சொல்லுது. விட்டாகளா? எதிர்த்து நின்னு ஜெயிச்சு, தனியா ஆபீஸ் போட்டாக. உங்க மக வள்ளியூருக்குப் போயிட்டு ஏழு மணிக்குத் திரும்புறது பெரிய காரியமா அண்ணாச்சி?"

அப்பா வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "டிபன் பாக்ஸ் பெருசா வாங்கணும்" என்றார். அவ்வளவுதான் சம்மதம்.

சிவபோகம் அம்மா 1955 முதல் 1958 வரை சங்கத்தின் தென்னிந்தியக் குழுவுக்குத் தலைவராக இருந்தார், 1966இல் காலமானார். நாம் மாலை போடுகிற வரிசையில் அவர் படமும் இருக்கவேண்டும்.

கொக்கிரகுளம்

அக்கா, வைக்கவேண்டியதுதான். ஆனால் அவரைச் சங்கத்தின் உறுப்பினர் என்று மட்டும் சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடும். 1933இல் சங்கமே கிடையாது. அவர் எழுதியது ஜி.டி.ஏ. தேர்வு, அரசாங்கம் நடத்திய கணக்கியல் டிப்ளமா. அப்புறம் 'பதிவுபெற்ற கணக்காளர்', ஆர்.ஏ. அதுவும் அரசாங்கப் பதிவு. 1949 ஜூலை 1இல்தான் சங்கம் பிறந்தது, ஜி.பி. கபாடியா முதல் தலைவர். நாடு முழுக்கச் சுமார் 1,700 உறுப்பினர்கள்தான். சங்கத்துக்கு முன்பே வழி போட்டவர் சிவபோகம் அம்மா.

பேட்டை ரோடு

என் அனுபவம் சின்னது. என் சித்தப்பா ஆடிட்டர், தனி ஆளாகத் தொழில் நடத்தியவர். அவர் தவறிய மறுநாள் வாசலில் கிளையண்டுகள் நின்றார்கள், பாதிப் பேர் துக்கத்துக்கு, பாதிப் பேர் ஃபைலுக்கு. சித்திக்கு எந்த ஃபைல் யாருடையது என்று தெரியாது. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதனால் இங்கே இருக்கிற ஆடிட்டர்கள் எல்லாருக்கும் சொல்கிறேன். கிளையண்ட் பட்டியல் ஒன்றை வீட்டில் வையுங்கள். வரவேண்டிய ஃபீஸ் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். முடிந்தால் ஒரு பார்ட்னர் சேர்த்துக்கொள்ளுங்கள். இறந்த பார்ட்னரின் வாரிசுக்கு ஃபீஸில் பங்கு கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அசல் பத்திரங்களை வேலை முடிந்த அன்றே திருப்பிக் கொடுங்கள். குடும்பத்தார் இறப்புச் சான்றிதழோடு சங்கத்துக்கு உடனே எழுதவேண்டும். கஷ்டமான நிலைமை என்றால் ஆடிட்டர்கள் நல நிதி இருக்கிறது, 1962இலிருந்து நடக்கிறது, மறைந்தவர் குடும்பத்துக்கு உதவுகிறார்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். முன்னோடிகள் வீடுகளில் பழைய ஐந்தொகைகள் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடவேண்டாம், அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறதே, சரித்திரத் துறையில் கொடுங்கள்.

மகாராஜநகர் அக்கா

கடைசியாகச் சொன்னது மட்டும் கூடாது தம்பி. கிளையண்ட் சம்மதம் இல்லாமல் அவர் கணக்கை வெளியே கொடுத்தால் ஒழுங்கு நடவடிக்கை வரும். எவ்வளவு பழசானாலும் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கவேண்டும்.

ஆழ்வார்குறிச்சியான்

எங்கள் கடைப் பேரேடு எங்களுடையதுதானே அக்கா, அதற்குச் சம்மதம் நானே தருகிறேன். ஆடிட்டர் வீட்டில் இருக்கும் எங்கள் ஐந்தொகைகளையும் கொடுக்கலாம் என்று அவர் மகளுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தில் என்னென்ன இருக்கவேண்டும் என்று சொன்னால் நாளைக்கே அனுப்பிவிடுவேன்.