ஜூம் வேறு, டெலி வேறு: தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

புதிதாகக் கேமரா வாங்குகிறவர்களுக்காக ஒரு சின்ன வழிகாட்டி எழுதி வருவதாகப் போன மாதம் சொல்லியிருந்தேன். கேமரா பாடியைப் பற்றிய பகுதி இரண்டே நாளில் முடிந்துவிட்டது. லென்ஸ் பகுதியில் முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை. ஜூம் லென்ஸ், பிரைம் லென்ஸ், டெலி லென்ஸ் மூன்றையும் தமிழில் எப்படிச் சொல்வது? அப்படியே எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே என்பீர்கள். போகலாம்தான். ஆனால் ‘ஜூம்’ என்ற சொல்லை நம் ஊரில் பாதிப் பேர் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். அதனால் காசு போகிறது. எனக்கே போயிருக்கிறது.

என் முதல் கேமராவை வாங்கப் போனபோது கடைக்காரரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: “இதில் ஜூம் இருக்கிறதா?” “ஜூம் லென்ஸ்தான் சார்” என்று 18-55 மி.மீ. லென்ஸ் ஒன்றைக் கையில் கொடுத்தார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே வேடந்தாங்கல் போனேன். நல்ல சீசன், மரம் கொள்ளாமல் மஞ்சள் மூக்கு நாரைகள். கரையில் நின்று எடுத்த இருநூறு படத்திலும் நாரைகள் மரத்தில் யாரோ வெள்ளைச் சுண்ணாம்பைத் தெளித்த மாதிரிதான் தெரிந்தன.

கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும். நாரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். அறுபது மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். 55 மி.மீ. லென்ஸ் அதை, கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரின் மேல், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில்தான் விழவைக்கும். என் கேமராவில் சென்சாரின் உயரமே பதினைந்தரை மில்லிமீட்டர் சொச்சம். இதையே 300-இல் எடுத்திருந்தால் நாரை 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு, சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நின்றிருக்கும்.

ஆக, நான் கேட்க நினைத்தது தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி. வாயில் வந்தது ஜூம். ஜூம் என்றால் குவியத் தொலைவை, அதாவது லென்ஸின் பெயரில் வரும் அந்த மி.மீ. எண்ணை, மாற்ற முடியும் என்பது மட்டும்தான் பொருள். 10-20 கூட ஜூம்தான், அதை வைத்துக் கோபுரத்தை அடிவாரத்திலிருந்து முழுசாக எடுக்கலாம், நாரையை எடுக்க முடியாது. 400 மி.மீ. நிலையான லென்ஸ் ஒன்று இருக்கிறது, அதில் ஜூம் துளியும் கிடையாது, நாரையின் கண் வரைக்கும் தெரியும். 35 மி.மீ. ஃபிலிம் ஸ்டில் கேமராக்களுக்கு 1959-இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்த ஜூம், ஃபோய்க்லேண்டர் ஜூமார், 36-82தான். அதுவும் தூரத்தை இழுத்துவருகிற சாமான் இல்லை.

இதில் ‘எத்தனை எக்ஸ்’ என்கிற கேள்வி வேறு. எக்ஸ் என்பது பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்தால் வருவது, அவ்வளவுதான். 18-200 என்றால் பதினொரு மடங்கு. 70-300 நாலு மடங்கு சொச்சம். பதினொன்று பெரிதா நாலு பெரிதா என்று கேட்டு வாங்குகிறவர் பறவைக்கு உதவாததை வாங்கிவருவார்.

சரி, சொல்லுக்கு வருவோம். இரண்டு கேள்விகளுக்கு இரண்டு சோடிச் சொற்கள் வேண்டும். குவியத் தொலைவு மாறுமா, மாறாதா என்பது ஒரு சோடி. தூரத்துக்கா, பக்கத்துக்கா, அகலத்துக்கா என்பது இன்னொன்று. இவை ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

இந்த இழையில் இதுவரை வந்தவற்றைப் பார்க்கிறேன். குவியத் தொலைவு மாறாத பிரைமுக்கு ‘முதன்மை வில்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். (வில்லை என்றால் லென்ஸ்.) பழைய வழக்கில் அது சரியாகவே இருந்திருக்கும். முன்னால் இன்னொரு துணை லென்ஸை மாட்டும்போது, மூலமாக இருந்த லென்ஸுக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்தது. இன்றைக்கு அந்தப் பொருள் தேய்ந்துவிட்டது. இப்போது ‘முதன்மை வில்லை’ என்றால் முதலில் வாங்க வேண்டிய லென்ஸ் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிரைம் நம்பருக்குப் ‘பகா எண்’ இருக்கிறதே, ‘பகாவில்லை’ என்று வைப்போம் என்று எழுதியவர் கேலிக்குத்தான் எழுதினார் என்று நம்புகிறேன். கேலிதானே ஐயா?

எனக்கு உண்மையான தலைவலி வில்லையால் வந்தது. சொல் நல்ல சொல். லத்தீனில் லென்ஸ் என்பது நம் மைசூர்ப் பருப்பின் பெயர், வடிவத்தைப் பார்த்து அவர்கள் பருப்பை வைத்தார்கள். நாம் கற்பூர வில்லை, மாத்திரை வில்லையிலிருந்து எடுத்தோம். குறையொன்றும் இல்லை. ஆனால் அதைப் பின்னொட்டாகச் சேர்த்துப் பாருங்கள்:

மாற்றக்கூடிய லென்ஸ் என்று ‘மாற்றவில்லை’ வைத்தால், யாரோ எதையோ மாற்ற மறந்துவிட்டார்கள். அகலமான காட்சியை அடக்கும் வைட் லென்ஸுக்கு ‘அகலவில்லை’ என்றால், இடத்தை விட்டு அகலவில்லை. ‘விரிவில்லை’ என்றால் விரிவே இல்லை, சொல்ல வந்ததற்கு நேர் எதிர். ஜூமுக்கு ‘நெகிழ்வில்லை’ என்று நானே ஒருநாள் குறித்துவைத்திருந்தேன், மறுநாள் காலையில் படித்தபோது நெகிழ்வு இல்லை என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, குவியத் தொலைவு நிலையாக இருப்பது என்று பேராசிரியர் ஒருவர் கொடுத்த ‘நிலைக்குவிய வில்லை’. அச்சில் இடைவெளி விழாமல் போனால் குவியவில்லை. ஃபோகஸே ஆகாத லென்ஸை யார் வாங்குவார்கள்?

ஒன்றே ஒன்று மட்டும் தப்பிப் பிறந்தது: டெலிக்குத் ‘தொலைவில்லை’. தொலைவு இல்லை! தூரத்தை இல்லாமல் ஆக்குகிற கண்ணாடிக்கு இதைவிடப் பெயர் வேண்டுமா என்று ஒரு மணி நேரம் மகிழ்ச்சியாக இருந்தேன். ஆனால் “அவரிடம் தொலைவில்லை இருக்கிறது” என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். இல்லையா, இருக்கிறதா?

ஏன் இப்படி ஆகிறது என்று பார்த்தால் விஷயம் பள்ளிக்கூட இலக்கணம்தான். மாற்ற, அகல, குவிய என்று அகரத்தில் முடியும் எச்சத்தோடு ‘இல்லை’ சேர்ந்தால் நடுவில் வகரம் வந்து உட்காரும். விரிவு, நெகிழ்வு என்று ‘வு’வில் முடியும் பெயரில் வகரம் முன்பே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஐகாரத்தில் முடிகிற சொல்லோடு ‘இல்லை’ சேர்ந்தால் யகரம்தான் வரும்: நிலையில்லை, அண்மையில்லை. ஆகவே ‘நிலைவில்லை’ என்று எழுதினால் அது லென்ஸாக மட்டும்தான் இருக்க முடியும். (‘தொலை’யும் ஐகாரம்தானே என்று கேட்பீர்கள். ‘தொலைவு’ என்று தனிச் சொல் இருப்பதால் அது மாட்டிக்கொண்டது. ‘நிலைவு’ என்று யாரும் பேசுவதில்லை.)

இந்த வழியில் போய் நான் சேர்ந்த இடம் இது. பிரைமுக்கு நிலைவில்லை. ஜூமுக்கு வீச்சுவில்லை, ஏனென்றால் இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை என்று அதற்கு ஒரு வீச்சு இருக்கிறது. வீச்சோடு ‘இல்லை’ சேர்ந்தால் வீச்சில்லை ஆகிவிடும், குழப்பம் வராது. டெலிக்கு சேய்மைவில்லை, மிகப் பக்கத்தில் எடுக்கும் மேக்ரோவுக்கு அண்மைவில்லை. அண்மைச் சுட்டு, சேய்மைச் சுட்டு என்று எல்லோரும் ஆறாம் வகுப்பில் ஒப்பித்த சொற்கள், புதிதாக யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டாம். வைடுக்கு விரிபார்வை வில்லை, கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல் நிற்குமா என்று பார்க்க வழிகாட்டியில் ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“கேமராவோடு வரும் 18-55 ஒரு வீச்சுவில்லை. பகலில் குறை சொல்ல முடியாது. வீட்டில் விளக்கு வைத்த பிறகு திண்ணையில் பாட்டியைப் படம் எடுக்கப் பாருங்கள், அப்போது தெரியும். 55-இல் அதன் துளை எண் 5.6, அதாவது 55-ஐ 5.6-ஆல் வகுத்தால் ஒளி நுழையும் வாயின் அகலம் 10 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. அதே நேரத்தில் 50 மி.மீ. நிலைவில்லை ஒன்றை 1.8-இல் வைத்தால் வாய் 28 மில்லிமீட்டர், பத்து ரூபாய் நாணயம் அளவு. ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி. முன்னதில் பத்தில் ஒரு வினாடி தேவைப்பட்ட படத்தைப் பின்னதில் நூறில் ஒரு வினாடியில் எடுத்துவிடலாம், கை ஆடினாலும் பாட்டி ஆடமாட்டார். ஆனால் சின்ன சென்சார் கேமராவில் 50 என்பது 75 போலக் குறுகலாகப் பார்க்கும். கூடத்தில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் மூன்று பேருக்கு மேல் அடங்கமாட்டார்கள். வீட்டுக்குள் எடுப்பதுதான் அதிகம் என்றால் 35 மி.மீ. நிலைவில்லையைப் பாருங்கள். பறவைதான் ஆசை என்றால் இரண்டும் வேண்டாம், 300-ஐத் தொடும் சேய்மைவில்லைக்குக் காசு சேருங்கள். அது வீச்சுவில்லையாகவும் இருக்கலாம், நிலைவில்லையாகவும் இருக்கலாம்.”

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். ஜூம், டெலி என்று வைத்துக்கொண்டு அதை எழுதினால் படிக்கிறவர் பாதியில் நின்று யோசிக்கிறார். இரண்டு பேரிடம் கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

*

வணக்கம் அண்ணா.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே வில்லைதான். உங்கள் பக்கப் பாடப்புத்தகங்களில் குவிலென்சு, குழிலென்சு என்றிருக்கும். நாங்கள் குவிவு வில்லை, குழிவு வில்லை என்று ‘வு’வையும் விடாமல், இடைவெளியையும் விடாமல் எழுதிப் பழகிவிட்டோம். அதனால் உங்களுக்கு வந்த இந்த ‘இல்லை’ வியாதி எங்களுக்கு வரவில்லை. தொலைவு வில்லை என்று பிரித்து எழுதினாலே தீர்ந்ததே?

நிலைவில்லை பிடித்திருக்கிறது. வீச்சுவில்லையில்தான் எனக்குத் தயக்கம். துவக்கின் (உங்கள் துப்பாக்கியின்) வீச்சு என்றால் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் பொருள். வீச்சு வலையும் எட்ட எறிகிற வலைதான். வீச்சுவில்லை என்றால் திரும்பவும் தூரம் என்றுதான் சனம் விளங்கும். சுற்றிச் சுற்றி நீங்கள் ஓடிவந்த இடத்துக்கே போய்ச் சேருவீர்கள்.

*

ஐயா, நான் சினிமாவில் கேமரா உதவியாளனாக இருந்தவன். எங்கள் யூனிட்டில் பிரைம் என்று சொல்லிக் கேட்டதே குறைவு. பிளாக் லென்ஸ் என்போம். “முப்பத்தஞ்சு பிளாக் எடுப்பா” என்பார்கள். அசையாத கட்டை என்கிற நினைப்பு அதில் இருக்கிறது, உங்கள் ‘நிலை’யும் அதுதான். தேரை நிறுத்திவைக்கிற இடத்துக்கு நிலை என்றுதானே பெயர். நிலைவில்லை நிற்கும்.

வீச்சுக்கு என் ஓட்டும் இல்லை. எங்கள் ஊரில் வீச்சு என்றால் பரோட்டா.

*

நண்பர்களுக்கு,

வீச்சு விழுந்தது, ஒத்துக்கொள்கிறேன். துவக்கை நான் நினைக்கவே இல்லை. பரோட்டாவை நினைத்தேன், பசியில் அடக்கிக்கொண்டேன். இடைவெளி விட்டு எழுதும் யாழ்ப்பாண வழி கண்ணுக்குச் சரி, காதுக்கு எப்படி? கடையில் நின்று “தொலைவு வில்லை வேண்டும்” என்று சொன்னால் யாருடைய காதிலும் இடைவெளி விழாது. அதனால் சேய்மையை விட மனம் இல்லை.

ஜூமுக்கு இப்போதைக்கு ‘மாறுநிலை வில்லை’ என்று வைத்துக்கொள்கிறேன். நிலைவில்லைக்குச் சோடியாகவும் இருக்கிறது, ‘நிலை’ ஐகாரத்திலும் முடிகிறது, தூரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அழகில்லைதான். வழிகாட்டியில் முதல் தடவை வரும் இடத்தில் ‘நிலைவில்லை எனும் பிரைம் லென்ஸ்’ என்று இரண்டையும் சேர்த்தே போடப்போகிறேன். கடைக்குப் போகிறவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

*

அங்கிள், ஒரு சின்ன சோதனை செய்தேன். கேமரா விற்கும் என் மாமாவுக்கு, போனில் பேசித் தட்டச்சு செய்யும் வசதியை வைத்து, “மாமா, ஐம்பது மில்லிமீட்டர் நிலைவில்லை வாங்கலாமா” என்று அனுப்பினேன். போன் அதை ‘நினைவில்லை’ என்று எழுதிவிட்டது.

மாமா பதில்: “என்ன வாங்கணும்னே நினைவில்லையா? பிரைம் வேணுமா ஜூம் வேணுமா, அதையாவது சொல்லு.”