[கலைச்சொல்] ஒரே பத்தியில் நான்கு கடத்தல்

மாலதி (செந்தூல்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆறாம் படிவ மாணவர்களுக்கான வாசிப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மியன்மார் பகுதி எட்டுப் பக்கம். வளம் கொழிக்கும் நாட்டில் போதைப்பொருளும் உள்நாட்டுப் போரும் ஒன்றையொன்று எப்படி ஊட்டி வளர்க்கின்றன என்பது பொருள். ஏழு பக்கம் முடிந்தது. எட்டாவதில் இந்தப் பத்தி:

"எல்லைப் பகுதிகளில் போதைப்பொருளோடு மரமும் மாணிக்கமும் கடத்தப்படுகின்றன. மோசடி மையங்களுக்கு ஆட்கள் கடத்தப்படுகிறார்கள். சிலர் பணம் கேட்டுக் கடத்தி வைக்கப்படுகிறார்கள். மீட்கப்பட்டவர்கள் நாடுகடத்தப்படுகிறார்கள்."

ஆங்கில மூலத்தில் டிராஃபிக்கிங், ஸ்மக்லிங், கிட்னாப்பிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருக்கிறது. மலாயிலும் போதைப்பொருளுக்கு எடார், கள்ளச்சரக்குக்கு செலுடுப், ஆளைத் தூக்கிப்போக சூலிக், மனிதரை விற்க டாகாங் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மலாயில் பளிச்சென்று புரிவது தமிழில் ஒரே சேறாகக் கிடக்கிறது. போதைப்பொருள் டிராஃபிக்கிங்குக்குத் தனிச்சொல் வேண்டும். புதன் இரவுக்குள் சொன்னால் புண்ணியம்.

சிவா (செராஸ்) எழுதியது:

காலம் கடத்துவதை விட்டுவிட்டீர்கள் டீச்சர். அறிவியல் பாடத்தில் வெப்பக் கடத்தல் வேறு இருக்கிறது. செம்பு எளிதில் கடத்தி, மரம் அரிதில் கடத்தி. உங்கள் பத்தியில் மரமே கடத்தப்படுகிறது.

கபீர் (கோலாலம்பூர்) எழுதியது:

நீதிமன்ற உரைபெயர்ப்பில் இது விளையாட்டல்ல. 1952 அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் 2ஆம் பிரிவில் டிராஃபிக்கிங்குக்கு உள்ள விளக்கத்தைப் பாருங்கள். தயாரித்தல், இறக்குமதி, ஏற்றுமதி, வைத்திருத்தல், மறைத்தல், வாங்குதல், விற்றல், கொடுத்தல், பெறுதல், சேமித்தல், கொண்டுபோதல், அனுப்புதல், விநியோகித்தல் என்று பட்டியல் நீள்கிறது. இதில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துவது நாலைந்துதான்.

37(டிஏ) பிரிவில் எடைதான் பேசும். ஹெராயின் 15 கிராம், கொக்கேய்ன் 40, மெத் (மெத்தம்ஃபெட்டமின்) 50, கஞ்சா 200, பச்சை அபின் 1,000 கிராம். அந்த எடையோ அதற்கு மேலோ ஒருவர் வசம் இருந்தால், மாறாக நிறுவாதவரை அவர் டிராஃபிக்கிங் செய்தார் என்றே அனுமானம். பொருள் அலமாரியை விட்டு அசைந்திருக்கவே வேண்டாம். இதைக் 'கடத்தல்' என்று பெயர்த்தால், "நான் எதையும் எங்கும் கடத்தவில்லையே" என்று கேட்பவர் நினைக்க இடமுண்டு. 39பி பிரிவில் வரும் இந்த டிராஃபிக்கிங் குற்றத்துக்குக் கட்டாயத் தூக்கு 2023இல் நீங்கினாலும் தூக்கு நீங்கவில்லை. அந்த இடத்தில் சொல் வழுக்கக்கூடாது.

மலாய் 'எடார்' நல்ல சொல். சுற்றுக்கு விடுவது என்று பொருள், எல்லை தாண்டுவது அதில் இல்லை.

தமிழ்ச்செல்வி (பிரிக்பீல்ட்ஸ்) எழுதியது:

அப்படியானால் 'விநியோகம்' போதுமே. நம் நாளிதழ்கள் 'போதைப்பொருள் விநியோகம்' என்று எழுதிப் பழகிவிட்டன. புதிதாகச் சுட்டுத் தர வேண்டியதில்லை.

இளங்கோவன் (ஆயர் ஈத்தாம், பினாங்கு) எழுதியது:

அன்புடையீர், விநியோகம் வடசொல். அது கிடக்கட்டும். பால் பாக்கெட்டும் விநியோகம், பாடநூலும் விநியோகம், ஹெராயினும் விநியோகமா? குற்றத்தின் வாடையே இல்லாத சொல்.

வேரைப் பார்ப்போம். கட என்பது தன்வினை, கடத்து பிறவினை. இதே வேரில் கடவு, கடவை. கடவுச்சீட்டும் அவ்வழி. கடல் என்பதும் கடத்தற்கரியது என்னும் பொருளது என்பாரும் உளர். கடாரம், அதாவது இன்றைய கெடா, கடல் கடந்து எய்தும் ஊர் என்பதால் வந்த பெயர் என்பது என் துணிபு. பட்டினப்பாலையின் "ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்" என்ற அடிக்கு நச்சினார்க்கினியர் காழகத்தைக் கடாரம் என்றே உரைத்தார். பழைய கல்வெட்டறிஞர் சிலர் கடாரத்தைப் பர்மாவின் பெகு என்றும் கருதியதுண்டு. ஆக, மியன்மாரும் கடத்தலும் வேரிலேயே...

நிற்க. என் முன்மொழிவு: கரவணிகம். கரத்தல், ஒளித்தல். "களவறிந்தார் நெஞ்சில் கரவு" (குறள் 288). போதைப்பொருள் கரவணிகம், கரவணிகர். வைத்திருத்தல், மறைத்தல், விற்றல் என்று கபீர் சொன்ன பட்டியல் முழுதும் இதில் அடங்கும்.

தமிழ்ச்செல்வி எழுதியது:

ஐயா, கரவு + வணிகம் என்றால் கரவுவணிகம்தானே வரும்? வு எங்கே போயிற்று? வருமொழி முதலில் உயிர் இருந்தாலாவது உகரம் கெடும் என்று சொல்லலாம்.

இளங்கோவன் எழுதியது:

கரவு அல்ல அம்மா, கர. கரந்த வணிகம், கரக்கின்ற வணிகம், கரக்கும் வணிகம். வினைத்தொகை. சுடுசோறு, ஊறுகாய் போல. காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை என்று நன்னூலார் சொன்ன அதே கரத்தல். இலக்கணமே தன் வரையறைக்கு எடுத்தாண்ட வேர்!

சிவா எழுதியது:

இலக்கணத்தில் ஐயாவுக்கு முழு மதிப்பெண். ஆனால் பிள்ளை இதைக் 'கர வணிகம்' என்று பிரித்துக் கைத்தொழில் என்று நினைக்கும், இல்லையென்றால் கரம் என்றால் வரி, வரி வணிகம் என்று நினைக்கும்.

அருள் (பங்சார்) எழுதியது:

சிவா கேலியாகச் சொன்ன 'வரி வணிகம்' தற்செயலாக உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. கள்ள, கர என்று எதை முன்னால் ஒட்டினாலும் அரசு ஒரு பக்கம், ஒளிந்து செய்பவன் மறுபக்கம் என்ற படம் கூடவே வந்துவிடுகிறது. மியன்மாரின் சான் மாநிலத்துக்கு அந்தப் படம் பொருந்தாது.

1963இல் பர்மாவின் நே வின் ராணுவ ஆட்சி காக்வேயே என்னும் ஊர்ப்படைகளை அமைத்தது. கிளர்ச்சிக்காரர்களோடு சண்டை போட வேண்டும், ஆனால் சம்பளம் கொடுக்க அரசிடம் பணமில்லை. ஈடாக அரசுச் சாலைகளில் அபின் ஏற்றிப்போக விட்டார்கள். 1973இல் அந்தப் படைகளைக் கலைத்தபோது அவர்களிடம் துப்பாக்கியும் வாடிக்கையாளரும் இருந்தார்கள், கலையவில்லை. பேர்போன அபின் வணிகர்களான லோ சிங் ஹான், குன் சா இருவருமே அந்தப் பட்டறையில் வந்தவர்கள். அமெரிக்கா குற்றஞ்சாட்டித் தேடிய குன் சா 1996இல் ராணுவத்திடம் சரணடைந்து 2007இல் சாகும்வரை ரங்கூனில்தான் இருந்தார். 1989இல் பர்மா கம்யூனிஸ்டு கட்சி உடைந்தபோது அதிலிருந்து பிரிந்த வா படை, கோகாங் படை எல்லாம் தனித்தனியே ராணுவத்தோடு சண்டைநிறுத்தம் செய்துகொண்டன. அவரவர் நிலம், அவரவர் வரிச்சாவடி. இதில் யார் யாரிடம் கரக்கிறார்கள்?

விவசாயி பக்கமும் கையேட்டில் வர வேண்டும். ஐ.நா. போதைப்பொருள் அலுவலகக் கணக்கில் 2023இல் மியன்மாரில் அபின் சாகுபடி 47,100 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 22.9 கிலோ, மொத்தம் 1,080 டன் அபின். தாலிபான் தடையால் ஆப்கானிஸ்தான் சரிய, மியன்மார் உலகில் முதலிடத்துக்கு வந்தது. விவசாயி கைக்குக் கிலோவுக்குச் சுமார் 355 டாலர். காய்கறியை மலைச்சாலையில் சந்தைக்கு இறக்குவதற்குள் பாதி அழுகும், மீதி சாவடிக்குப் போகும். அபின் கெடாது, முதுகுக் கூடையில் அடங்கும், வாங்குகிறவன் வீடு தேடி வருவான். போர் நடந்து சாலை அறுபட அறுபட மற்ற பயிர் சாகும், இது மட்டும் பிழைக்கும். 2021 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு சாகுபடி ஏறியதற்கு இதுவும் காரணம்.

மெத்துக்கு வயலும் வேண்டாம், பருவமும் வேண்டாம். மூலவேதிப்பொருள் எல்லைக்கு அப்பாலிருந்து உள்ளே வரும், சரக்கு வெளியே போகும். வேண்டியதெல்லாம் காவலுள்ள ஒரு கொட்டகை, அதாவது ஒரு படை. 2020இல் சான் மாநிலத்தின் குட்காய் பகுதியில் பிடிபட்டது 19 கோடிக்கு மேல் மாத்திரை, கூடவே 3,750 லிட்டர் மெத்தில்ஃபென்டனில் என்னும் செயற்கைப் போதைப்பொருள். அவ்வளவு சரக்கை ஒளித்து வைக்க முடியாது, காவல் காக்கத்தான் முடியும்.

கச்சின் மாநிலத்தில் ஃபாக்கான்ட் ஜேடு (பச்சை மணிக்கல்) சுரங்கத்துக்கும் இதே கணக்குதான். 2014இன் ஜேடு உற்பத்தி 3,100 கோடி டாலர் வரை பெறும் என்று குளோபல் விட்னஸ் என்னும் கண்காணிப்பு அமைப்பு மதிப்பிட்டது. லாரி மேலே வரும்போது ராணுவத்துக்கு ஒரு பங்கு, கச்சின் படைக்கு ஒரு பங்கு. 2024 அக்டோபரில் சீன எல்லையிலுள்ள பாங்வா ஊரைக் கச்சின் படை பிடித்ததும் அருமண் உலோகச் சுரங்கங்களின் வரி கைமாறியது. கல்லோ, மண்ணோ, மாத்திரையோ, சாவடி ஒன்றுதான்.

அதனால் 'கடத்தல் வணிகம்' என்கிறேன். பழகிய சொல், கூட 'வணிகம்' சேர்ந்ததால் விளைவிலிருந்து விற்பனை வரை முழுச் சங்கிலி என்பது விளங்கும்.

இளங்கோவன் எழுதியது:

அருள் எழுதியது எல்லாம் வள்ளுவத்தில் இருக்கிறது. "வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு" (552). சாவடிக்கு இதைவிடப் படம் வேண்டுமா? "பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும் வேந்தலைக்கும் கொல்குறும்பும் இல்லது நாடு" (735). கொல்குறும்பு என்பது வேந்தனை அலைக்கும் சிறு படைத்தலைவர் கூட்டம். வார்லார்டு என்பதற்கு இலங்கை வழக்கில் யுத்தப்பிரபு என்று எழுதுகிறார்கள். குறும்பர் என்றால் இரண்டாயிரம் ஆண்டுச் சொல் திரும்பக் கிடைக்கும். "நாடென்ப நாடா வளத்தன" (739) என்று வளத்தைப் புகழ்ந்தவரே அடுத்த குறளில், எல்லாம் அமைந்தும் வேந்தமைவு இல்லையேல் பயனில்லை என்று வைத்தார். வளம் சாபமாவது பற்றி மேனாட்டார் பேசுவது அந்த வரிசையில் அடங்கும்.

பினாங்கின் கதையும் இங்கே பொருந்தும். பிரிட்டிஷார் அபினைக் குத்தகைக்கு விட்டார்கள். ஏலம் எடுத்தவரே சண்டு, அதாவது புகைக்கும் அபின், காய்ச்சி விற்கலாம், வேறு எவர் விற்றாலும் அது கள்ளச்சரக்கு. 1910 முதல் நீரிணைக் குடியேற்ற அரசே சண்டு விற்றது.

தமிழ்ச்செல்வி எழுதியது:

ஐயா, நீங்களே உங்கள் சொல்லைக் கவிழ்த்துவிட்டீர்கள். அரசே ஏலம் போட்டு விற்றதில் கரவு எங்கே?

குறும்பர் வேண்டவே வேண்டாம். நீலகிரியில் குறும்பர் என்று பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை ஆயுதக் கூட்டத்துக்கு வைப்பது அடாது.

சிவா எழுதியது:

"சான் மாநிலக் குறும்பர்கள்" என்றால் பிள்ளைகள் யாரோ சேட்டை பண்ணுகிறார்கள் என்றுதான் படிப்பார்கள்.

பக்கம் ஆறில் மெத் மாத்திரைக்கு 'யாபா' என்று இருக்கிறது டீச்சர். இங்கே மலாயில் அது பில் கூடா. 'குதிரை மாத்திரை' என்று போடுங்கள். தாய்லாந்தில் முதலில் யாமா, குதிரை மருந்து என்றுதான் பெயர். 1996இல் அங்கே அரசு அதை யாபா, பைத்திய மருந்து என்று மாற்றியது. இங்கே குதிரை அப்படியே நின்றுவிட்டது.

இளங்கோவன் எழுதியது:

பார்த்தீர்களா? அரசு புதுச்சொல் தந்தது, மக்கள் ஏற்றார்கள். கரவணிகமும் பழகினால் நிற்கும்.

தமிழ்ச்செல்வி எழுதியது:

அங்கே மாறியது ஒரே எழுத்து ஐயா. மா போய் பா வந்தது.

மாலதி எழுதியது:

புதன் இரவு பதினொன்றரை. கடத்தல் வணிகத்துக்கு நான்கு பேர், விநியோகத்துக்கு ஒருவர், கரவணிகத்துக்கு ஐயா. கடத்தல் வணிகத்தையே போடுகிறேன். பத்தி இப்படி:

"எல்லைப் பகுதிகளில் போதைப்பொருள் கடத்தல் வணிகம் படைகளுக்குப் பணம் தருகிறது. மரமும் மாணிக்கமும் அதே வழியில் கள்ளச்சரக்காக எல்லை தாண்டுகின்றன. மோசடி மையங்களை ஆள்வணிகம் நிரப்புகிறது. சிலரைப் பிணைப்பணம் கேட்டு அடைத்து வைக்கிறார்கள். மீட்கப்பட்டவர்கள் நாடுகடத்தப்படுகிறார்கள்."

கபீர் எழுதியது:

கடைசி வரியில் ஒரு திருத்தம். நாடுகடத்தல் என்றால் அவர்கள் குற்றவாளிகள் என்று தொனிக்கும். 'தாயகம் அனுப்பப்படுகிறார்கள்' என்று போடுங்கள். ஆள்வணிகம் நன்று, மலாய் டாகாங்கோடு ஒத்துப்போகிறது. நீதிமன்றத்தில் மட்டும் கடத்தல் வணிகம் உதவாது. வெறுமனே வைத்திருந்தவரை வணிகர் என்று சொல்ல முடியாது. அங்கே விளக்கத்தை முழுதாகச் சொல்லிப் பெயர்ப்பதைத் தவிர வழியில்லை.

இளங்கோவன் எழுதியது:

பெரும்பான்மைக்குப் பணிகிறேன், உடன்படவில்லை. அருஞ்சொல் பட்டியலில் கடத்தல் வணிகத்துக்கு எதிரே கரவணிகம் என்று சிறிய எழுத்தில் சேர்க்க இடமுண்டா? கடாரம் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.

மாலதி எழுதியது:

தாயகம் மாற்றிவிட்டேன் கபீர். ஐயா, பட்டியலில் ஒரு வரி காலியாகத்தான் இருக்கிறது, சேர்த்துவிட்டேன். கடாரத்தை வெள்ளிக்குப் பிறகு வைத்துக்கொள்வோமா?