ஓமோ பள்ளத்தாக்குக்கு நல்ல வழிகாட்டி தேவை

வணக்கம் நண்பர்களே. ஜனவரியில் நானும் அக்காவும் தெற்கு எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்குக்குப் போகிறோம். முர்சிப் பழங்குடிப் பெண்களைக் கீழுதட்டில் அணியும் களிமண் தட்டோடு வரிசையாக நிறுத்தி, படத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, அரைமணியில் வண்டியேறும் பயணம் எங்களுக்கு வேண்டாம். துர்மி ஊர்ப் பக்கம் ஹாமர் பழங்குடிக் குடும்பம் ஒன்றோடு சில இரவுகள் தங்கி, சுரைக்குடுவையில் தரும் காப்பித் தோல் கஷாயத்தைக் குடித்து, திமெக்கா ஊரின் சனிக்கிழமைச் சந்தையை நிதானமாகப் பார்க்க ஆசை. (அக்கா சைவம், தோசை போன்ற இஞ்சேராவும் பருப்புக் குழம்பும் இருந்தால் பிழைத்துக்கொள்வார்.)

ஹாமர் மொழி பேசும் உள்ளூர் வழிகாட்டி யாரையாவது தெரியுமா? தங்குவதற்கான பணத்தைக் குடும்பத்தாரிடமே கொடுக்கலாமா, ஊர்ப் பெரியவரிடமா? இளைஞன் காளைகளின் முதுகில் ஓடித் தாண்டும் சடங்குக்கு, அழைப்பில்லாமல் வழிகாட்டியை நம்பிப் போவது முறைதானா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.