52 வயது, ஓடும்போது துடிப்பு 178: பயப்பட வேண்டுமா?

காலைஓட்டம்:
வணக்கம். ஆறு மாதமாக வாரம் நான்கு நாள் மெதுவாக ஓடுகிறேன். போன வாரம் மகன் ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தந்தான். ஓட ஆரம்பித்து மூன்றாவது நிமிடமே துடிப்பு 178 என்று சிவப்பில் மின்னுகிறது. 220-இல் வயதைக் கழித்தால் எனக்கு உச்சம் 168தானே? நெஞ்சுவலி, தலைசுற்றல் இல்லை. எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை. கூட வருபவரோடு பேசிக்கொண்டேதான் ஓடுகிறேன். ஆனால் வீட்டில் பயந்துவிட்டார்கள். நிறுத்திவிடவா?

நெடுந்தூரம்:
சார், பேசிக்கொண்டே ஓட முடிகிறது என்றால் நீங்கள் உச்சத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. வாட்ச் செயலியில் நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று இருக்கும், பாருங்கள். மணிக்கட்டு சென்சார் பல நேரம் கை ஆட்டத்தையே நாடித்துடிப்பு என்று எண்ணிவிடும். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே தள்ளி, இறுக்கிக் கட்டுங்கள். நின்ற உடனே கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் லேசாக விரல் வைத்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். தாமதித்தால் துடிப்பு மளமளவென்று இறங்கிவிடும்.

தாதி_அக்கா:
அந்த 220 கணக்கை அவ்வளவு நம்பாதீர்கள் தம்பி. 1971-இல் பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துவைத்து, தோராயமாகப் போட்ட கோடு அது. 2001-இல் டனாக்கா குழுவினர் 351 ஆய்வுகளை அலசி, 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். உங்களுக்கு 172 வரும். அதுவும் சராசரிதான். ஒரே வயதுக்காரர்களிடையே பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடக் குறைய இருப்பது சாதாரணம்.

வயது ஏற ஏற இதயத்தின் இயற்கை பேஸ்மேக்கரான சைனஸ் கணுவின் வேகம் குறைகிறது, அட்ரினலினுக்கு அது துள்ளுவதும் குறைகிறது. அதனால்தான் உச்சம் இறங்குகிறது. பயிற்சி செய்து அதை ஏற்ற முடியாது. பயிற்சியால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம்தான் கூடும். சைக்கிளிலும் நீச்சலிலும் ஓட்டத்தைவிட உச்சம் குறைவாகவே வரும். உயரமான மலைப்பகுதியிலும் அப்படித்தான். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓடினால் அதே வேகத்துக்கே துடிப்பு கூடிக் காட்டும்.

ஓடும்போது நெஞ்சு அழுத்தமோ மயக்கமோ படபடப்போ வந்தால் மட்டும் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். ஓட்டத்தை நிறுத்தி உடனே மருத்துவரிடம் போங்கள்.

காலைஓட்டம்:
அக்கா, சார், இன்று பார்த்தேன். அடி 178, துடிப்பும் 178! நின்றதும் கழுத்தில் எண்ணினால் 15 விநாடிக்கு 38, அதாவது 152. பட்டையை ஏற்றிக் கட்டிய பிறகு வாட்சும் 150 பக்கம்தான் காட்டுகிறது. நிம்மதியாக இருக்கிறது.

இன்னொன்று. மனைவிக்கு 48 வயது. பிரஷருக்கு அட்டெனலால் சாப்பிடுகிறார். மேடு ஏறினாலும் 118-ஐத் தாண்டுவதில்லை. அது கோளாறா?

தாதி_அக்கா:
அந்த மாத்திரையின் வேலையே அதுதான், துடிப்பைப் பிடித்து வைக்கும். எந்தச் சூத்திரமும் அவருக்குப் பொருந்தாது. எண்ணைக் கூட்டுகிறேன் என்று மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் ஆபத்து. பேச முடிகிற வேகத்தில் நடக்கட்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, எந்த அளவு வரை போகலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காலைஓட்டம்:
சரி அக்கா, வியாழக்கிழமை செக்கப் இருக்கிறது. கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.