டிசம்பர் 31 அன்று உங்களுக்கு வேலை ஓடுகிறதா?

ஆண்டின் கடைசி நாளில் அலுவலகத்தில் உட்கார வேண்டியிருந்தால் பலருக்கும் எரிச்சல் வரும். எனக்கென்னவோ அந்த நாள் பிடிக்கும். பாதிப் பேர் விடுப்பில் இருப்பார்கள், மின்னஞ்சல் வராது, மீட்டிங் என்று யாரும் இழுக்க மாட்டார்கள். அறிக்கை எழுதுவது என் வேலை. இப்படியோர் அமைதி எங்களுக்கு அபூர்வம்.

அதை நம்பிப் பெரிய வேலை எதையும் புதிதாகத் தொடங்குவதில்லை. மதியத்துக்கு மேல் மனம் வேறெங்கோ போய்விடும். அரைகுறையாகக் கிடப்பவற்றை மட்டும் எடுப்பேன். சட்டென்று முடியக்கூடியதை முடித்துவிடுவது. முடியாததற்கு, எங்கே நிற்கிறது, திரும்பத் திறந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வரி எழுதி வைப்பது. முடிக்காத வேலைதான் நினைவில் அதிகம் தங்குகிறது என்று உளவியலாளர் புளூமா ஸைகார்னிக் 1927-லேயே எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் எல்லோரும் அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு அதைவிடப் பயன்பட்டது 2011-இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வு. வேலையை முடிக்கக்கூட வேண்டாமாம், எப்போது எப்படி முடிப்போம் என்று திட்டவட்டமாகத் தீர்மானித்தாலே அது மனதை அரிப்பது குறைகிறது.

ஒருமுறை பக்கத்து இருக்கைக்காரர் என் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, "என்ன சார், வேலையை விட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். அவ்வளவு ஒழுங்காக இருந்திருக்கிறது போல. உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

*

உங்களை யாரும் கூப்பிடாத அதே நாளில்தான் எங்களை எல்லோரும் கூப்பிடுவார்கள்! நான் கணக்குப் பிரிவு. எங்கள் நிறுவனத்தின் கணக்காண்டு டிசம்பரோடு முடிகிறது. அன்று ஸ்டாக் எண்ண வேண்டும். ஒருவர் எண்ணுவார், இன்னொருவர் எழுதுவார், எண்ணி முடித்த அடுக்கில் சீட்டு ஒட்டுவோம். அது முடியும்வரை கிடங்கில் ஒரு பெட்டிகூட நகரக் கூடாது. நகர்ந்தால் ஒரே பெட்டி இரண்டு தடவை கணக்கில் வரும், இல்லையென்றால் வராமலே போகும்.

ஒரு வருடம் பாதி எண்ணிக்கொண்டிருக்கும்போது சரக்கு அனுப்பும் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். "ஒரே ஒரு லோடு மட்டும் ஏத்திடறேன், வண்டி நிக்குது" என்றார். முடியாது என்றேன். மேலதிகாரியை அழைத்து வந்தார். அவருக்கும் அதே பதில். அந்த லோடு கிளம்பினால் அது இந்த ஆண்டு விற்பனையா, அடுத்த ஆண்டு விற்பனையா? பில் எந்தத் தேதியில்? விற்பனையைக் கொஞ்சம் கூட்டிக் காட்ட யாருக்குத்தான் ஆசையில்லை! அதனால்தான் ஆண்டின் கடைசிச் சில பில்களையும் புது ஆண்டின் முதல் சில பில்களையும் ஆடிட்டர்கள் தவறாமல் கேட்பார்கள். எண்ணி முடியும்வரை வண்டி நின்றது. அன்று நான் செய்த உருப்படியான வேலை அந்த 'முடியாது'தான்.

*

முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி. அந்த இரண்டு வரி எப்படி இருக்கும்? "அறிக்கையை முடிக்க வேண்டும்" என்று எழுதி வைத்து எனக்கு ஒரு பயனும் இருந்ததில்லை.

*

அப்படி எழுதினால் இருக்காதுதான். "மூன்றாவது அட்டவணையில் அக்டோபர் எண்கள் வரவில்லை. திங்கள் காலை முதல் வேலை, கிளை அலுவலகத்துக்கு போன் போட்டுக் கேட்பது." இப்படி இருக்கும். வேறொருவரிடம் ஒப்படைப்பதாக நினைத்து எழுதுங்கள். விடுப்பு முடிந்து வருகிறவர் கிட்டத்தட்ட வேறு ஆள்தானே.

*

நான் மென்பொருள் பக்கம். ஆண்டுக் கடைசியில் எங்களுக்கு 'ஃப்ரீஸ்'. வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் மென்பொருளில் புதிதாக எதையும் ஏற்றக் கூடாது, உடைந்தால் சரிசெய்ய ஆள் இருக்காது. அதனால் வருடம் முழுக்கத் தள்ளிப்போட்ட வேலைகளுக்கு அன்றுதான் நேரம்: வேலையை விட்டுப் போனவர்களின் பயனர் கணக்குகளை நீக்குவது, பேக்கப்பிலிருந்து உண்மையிலேயே தரவைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று சோதிப்பது, யாரும் படிக்காத எச்சரிக்கை மின்னஞ்சல்களை நிறுத்துவது.

அப்புறம், தேதி. 2024 டிசம்பர் 31 அன்று ஒரு வாடிக்கையாளர் அழைத்து, "உங்க ரசீதுல 2025 டிசம்பர் 31-னு இருக்கே?" என்றார். தேதி வடிவத்தில் ஆண்டுக்குச் சின்ன 'ஒய்' எழுத்துக்குப் பதில் பெரிய 'ஒய்' போட்டால், ஜாவா போன்ற நிரல் மொழிகளில் அது வாரக் கணக்குப்படியான ஆண்டைக் காட்டும். ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர முறையில், ஒரு வாரத்தின் வியாழக்கிழமை எந்த ஆண்டில் விழுகிறதோ முழு வாரமும் அந்த ஆண்டைச் சேர்ந்தது. அந்த வார வியாழன் 2025 ஜனவரி 2. ஆக, டிசம்பர் 30 திங்களும் 31 செவ்வாயும் 2025-க்குப் போய்விட்டன. வருடம் முழுக்கச் சமர்த்தாக இருந்துவிட்டு கடைசியில் வேலையைக் காட்டும் பிழை!

2008-இல் இதைவிட மோசம். மைக்ரோசாஃப்டின் ஸூன் 30 ஜிபி மியூசிக் பிளேயர்கள் டிசம்பர் 31 அன்று உறைந்து நின்றன. லீப் ஆண்டின் 366-வது நாளில் நிரல் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பேட்டரி தீரும்வரை விட்டு, மறுநாள் சார்ஜ் போடுங்கள் என்பதுதான் நிறுவனம் சொன்ன வழி.

*

நான் செவிலியர். அந்த இரவுப் பணியைப் பலமுறை பார்த்தாயிற்று. மருந்து நேரத்துக்குப் போனால் சரி, மற்றபடி அன்று தனியாக ஒன்றுமில்லை. ஒன்று மட்டும், பன்னிரண்டு மணிக்கு மேல் எழுதும் குறிப்புகளில் கை பழைய ஆண்டையே எழுதும். எங்கள் வார்டில் ஒரு மூத்த அக்கா பணி தொடங்கும்போதே புது ஆண்டைப் பலகையில் பெரிதாக எழுதி, நள்ளிரவுவரை தாள் ஒட்டி மூடி வைப்பார். ஒரு நோயாளி அதைப் பார்த்து, "என்னம்மா அது, பரிசு அறிவிப்பா?" என்று கேட்டார்.

*

எல்லாம் சரி. 2014-இல் ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் எழுதிய கட்டுரையில், வாரமோ மாதமோ ஆண்டோ தொடங்கும்போது மக்கள் ஜிம்முக்குப் போவது கூடுகிறது என்று காட்டினார்கள். உற்சாகம் எப்படியும் ஜனவரியில் வரப்போகிறது. அதற்கு முந்தைய நாளை எதற்குக் கசக்கிப் பிழிய வேண்டும்?

நான் வீட்டிலிருந்து வேலை செய்பவன். போன டிசம்பர் 31 காலையில் பாக்கியிருந்த பில்களை அனுப்பினேன், மதியம் கணினியை அணைத்துவிட்டேன். இரவு 9 மணிக்கு ஒரு வாடிக்கையாளர் "இருக்கீங்களா? அவசரம்" என்று செய்தி அனுப்பியிருக்கிறார். ஜனவரி 2 அன்று "இருக்கேன், சொல்லுங்க" என்று பதில் போட்டேன். எதற்காகக் கேட்டோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.